சந்தா ஒப்பந்தத்தில் விலைக்கு முன் படிக்க வேண்டியவை

கேள்வி: அம்பாறை மாவட்டத்திலுள்ள உயர்கல்வி நிறுவனம் ஒன்றின் நூலகத்தில் உதவி நூலகராகப் பணிபுரிகிறேன். வெளிநாட்டு வெளியீட்டாளர் ஒருவரின் இலத்திரனியல் சஞ்சிகைத் தொகுதிக்கான மூன்று வருட உரிம ஒப்பந்தத்தை அவருடைய கொழும்பு முகவர் எங்களுக்கு அனுப்பியுள்ளார். டிசம்பர் முடிவதற்குள் கையொப்பமிட்டால் விலைக்கழிவு உண்டு என்கிறார். பீடாதிபதிகள் அவசரப்படுத்துகிறார்கள், பெறுகைக் குழு விலையைப் பற்றி மட்டுமே கேட்கிறது. சென்ற வருடம் வேறொரு வெளியீட்டாளர், மாணவர் ஒருவர் மென்பொருளைக் கொண்டு நூற்றுக்கணக்கான கட்டுரைகளைத் தரவிறக்கினார் என்று கூறி, முழு நிறுவனத்துக்குமான அணுகலை நிறுத்திவிட்டார். இந்த நீண்ட ஆங்கில ஆவணத்தில் நான் எதைப் பார்க்க வேண்டும்? மாற்றங்கள் கேட்டால் ஏற்றுக்கொள்வார்களா? பின்னொரு வருடத்தில் சந்தாவை நிறுத்த நேர்ந்தால், பணம் செலுத்திய வருடங்களின் சஞ்சிகைகள் எங்களுக்கு எஞ்சுமா?

பதில்: மாற்றம் கேட்டால் ஏற்பார்களா என்ற கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் மற்றவையெல்லாம் அதைப் பொறுத்தவை. எல்லாவற்றையும் ஏற்கமாட்டார்கள், ஆனால் நியாயமான பலவற்றை ஏற்பார்கள். முகவர் அனுப்பியிருப்பது வெளியீட்டாளரின் வழக்கறிஞர்கள் தங்கள் பக்கத்துக்குச் சாதகமாக எழுதிய வரைவு மட்டுமே. சஞ்சிகைகள் இணையத்துக்கு வரத் தொடங்கிய 1990களில் நூலகங்கள் இத்தகைய வரைவுகளை அப்படியே ஏற்று, பிறகு அவற்றின் விளைவுகளை அனுபவித்தன. அதன் பின்னரே யேல் பல்கலைக்கழக நூலகம் லிப்லைசன்ஸ் என்ற பெயரில் மாதிரி உரிமம் ஒன்றை உருவாக்கியது; நூலகக் கூட்டமைப்புகளின் சர்வதேச அமைப்பான ஐகோல்க், 1998இல் நூலகங்கள் எதிர்பார்க்கும் நிபந்தனைகளை அறிக்கையாக வெளியிட்டது. இன்று வெளியீட்டாளர்கள் தாமாகவே தருவதுபோலத் தோன்றும் வாசகங்களிற் பல, அக்காலத்தில் நூலகர்கள் கேட்டுப் பெற்றவையே. ஆகவே சிறிய நிறுவனம், தூரத்து மாவட்டம் என்று தயங்காமல், திருத்தங்களை எழுத்தில் கேளுங்கள். லிப்லைசன்ஸ் மாதிரி இலவசமாகக் கிடைக்கிறது. அதை ஒரு பக்கத்திலும் முகவரின் வரைவை மறுபக்கத்திலும் வைத்துப் படித்தால், வரைவில் எவை இல்லை என்பது விரைவில் புலப்படும். வரைவில் எழுதப்பட்டிருப்பவற்றைக் காட்டிலும், அதில் விடுபட்டிருப்பவையே நூலகத்துக்கு அதிகத் தீங்கு செய்கின்றன என்பது என் அனுபவம்.

பெறுகைக் குழுவுக்கு நீங்கள் விளக்க வேண்டிய அடிப்படை ஒன்று உண்டு. அச்சுச் சஞ்சிகையை வாங்கினால் அந்தப் பிரதி நூலகத்தின் சொத்தாகிவிடுகிறது. அதை எவருக்கு வாசிக்கக் கொடுக்கலாம், எத்தனை வருடம் வைத்திருக்கலாம் என்று வெளியீட்டாளர் சொல்ல முடியாது. இலத்திரனியல் சஞ்சிகையில் நாம் பெறுவது பொருளை அன்று, ஓர் அனுமதியை. அந்த அனுமதியின் எல்லை ஒப்பந்தத்தின் வாசகங்கள் எங்கே முடிகின்றனவோ அங்கேயே முடிகிறது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், 11ஆம் பிரிவில் நியாயமான பயன்பாட்டையும், 12ஆம் பிரிவில் வணிக நோக்கற்ற நூலகம் ஒன்று வாசகரின் வேண்டுகோளுக்காகக் கட்டுரை ஒன்றின் ஒற்றைப் பிரதியை எடுத்துக்கொடுப்பது போன்ற செயல்களையும் அனுமதிக்கிறது. ஆனால் சட்டம் அனுமதித்த ஒன்றைச் செய்யமாட்டோம் என்று நாமே ஒப்பந்தத்தில் எழுதிக் கையொப்பமிட்டால், பின்னர் சட்டத்தைக் காட்டித் தப்புவது எளிதன்று. எனவே, இவ்வொப்பந்தத்தின் எந்த வாசகமும் இலங்கையின் புலமைச் சொத்துச் சட்டம் நூலகத்துக்கும் வாசகருக்கும் வழங்கும் உரிமைகளைக் குறைக்காது என்ற ஒரு வரியைச் சேர்க்கும்படி கேளுங்கள். பெரும்பாலும் எதிர்ப்பின்றி ஏற்கப்படும் வரி இது.

இனி ஒப்பந்தத்தின் தொடக்கத்திலுள்ள வரையறைகளுக்கு வருகிறேன். பலரும் இப்பகுதியை வெறும் முன்னுரை என்று கடந்துபோய் விலை அட்டவணையைத் தேடுகிறார்கள். என் கருத்தில் முழு ஒப்பந்தத்திலும் மிக முக்கியமானவை இங்குள்ள இரண்டு வரையறைகளே: அனுமதி பெற்ற பயனாளர் யார், அனுமதி பெற்ற வளாகம் எது. பின்னால் வரும் ஒவ்வொரு பிரிவும் இவ்விரண்டையும் பயன்படுத்தியே பேசுகிறது. இவை உங்கள் நிறுவனத்தின் உண்மையான அமைப்போடு பொருந்தாவிட்டால், உங்கள் வாசகரில் ஒரு பகுதியினர் கையொப்பமிட்ட முதல் நாளிலிருந்தே ஒப்பந்தத்தை மீறியவர்களாகிவிடுவார்கள்.

வளாகத்தை, ஒரே நகரில் ஒரே நிர்வாகத்தின் கீழ் இயங்கும் இடம் என்று வரையறுப்பது வெளியீட்டாளர்களின் பழைய வழக்கம். நம் கிழக்கு மாகாணப் பல்கலைக்கழகங்கள் அவ்வாறு அமைந்தவை அல்ல. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் வந்தாறுமூலையில் இருக்க, சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் கல்லடியில் இயங்குகிறது. திருகோணமலை வளாகமோ வேறொரு மாவட்டத்திலேயே இருக்கிறது. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பெரும்பகுதி ஒலுவிலில் இருந்தாலும் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் உள்ளது. நகரத்தை அளவுகோலாகக் கொண்ட வரையறையின்படி இவை ஒவ்வொன்றும் தனித்தனிச் சந்தாவுக்கு உரியவை என்று வாதிட இடமுண்டு. உங்கள் நிறுவனம் இவற்றில் எதைப் போன்றதாயினும், நிறுவனத்தின் நிர்வாகத்துக்கு உட்பட்ட எல்லா இடங்களும், இனி ஒப்பந்தக் காலத்தில் சேரக்கூடிய இடங்களும் ஒரே வளாகமாகவே கொள்ளப்படும் என்று எழுதச் செய்து, இடங்களின் பெயர்களை இணைப்பு ஒன்றில் பட்டியலிடுங்கள்.

பயனாளர் வரையறை இன்னும் நுட்பமானது. முழுநேர மாணவர், நிரந்தர ஊழியர் என்ற இரு சொற்றொடர்களோடு நின்றுவிடும் வரைவுகளை நான் பார்த்திருக்கிறேன். இவற்றுக்கு வெளியே நிற்பவர்களை எண்ணிப் பாருங்கள். வெளிவாரிப் பட்டநெறி மாணவர்கள் இருக்கிறார்கள். வருகை விரிவுரையாளர்களும், ஓய்வுபெற்ற பின்னும் ஆய்வை மேற்பார்வை செய்யும் பேராசிரியர்களும் இருக்கிறார்கள். ஆய்வுக்கட்டுரையைச் சமர்ப்பித்துவிட்டு, திருத்தங்களுக்காகக் காத்திருக்கும் பட்டப்பின் மாணவரின் பதிவு காலாவதியாகியிருக்கலாம். மருத்துவக் கல்வி உள்ள இடங்களில் சிக்கல் இன்னும் பெரிது: மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை போன்ற இடங்களில் மாணவர்களுக்கு விடுதியில் நோயாளரைக் காட்டிப் பயிற்சியளிக்கும் வைத்திய நிபுணர்கள் பலர் சுகாதார அமைச்சின் உத்தியோகத்தர்களேயன்றிப் பல்கலைக்கழக ஊழியர்கள் அல்லர். வரையறையில் அவர்கள் பெயரிடப்படாவிட்டால், கற்பிக்கும் வைத்தியருக்குக் கட்டுரையைத் திறக்க உரிமை இல்லை. அவரிடம் கற்கும் மாணவருக்கு மட்டும் உண்டு. நிறுவனத்துடன் கற்பித்தல், மேற்பார்வை, ஆய்வு ஆகியவற்றில் தொடர்புடையவர் என்று நூலகர் ஏற்றுக்கொள்ளும் எவரும் பயனாளரே என்ற பொதுவாசகத்தைக் கேளுங்கள். அது மறுக்கப்பட்டால், வகைகளை ஒவ்வொன்றாகப் பெயரிட்டுக் கேளுங்கள்.

நூலகத்துக்கு நேரில் வந்து வாசிக்கும் வெளியார் வேறொரு வகை. பெரும்பாலான வெளியீட்டாளர்கள் நூலகக் கணினியில் வாசிக்கும் வெளியாரை அனுமதிக்கத் தயாராகவே இருக்கிறார்கள். எழுதிக் கேட்பவர்களுக்கு மட்டும் அது கிடைக்கிறது. அம்பாறை போன்ற வேளாண்மை மாவட்டத்தில், நெற்பயிர் நோய் ஒன்றைப் பற்றிப் படிக்க வரும் விவசாயப் போதனாசிரியரையோ, முதுமாணிப் படிப்புக்குத் தயாராகும் பாடசாலை ஆசிரியரையோ வாசலில் திருப்பியனுப்புவதற்காக ஒரு பொது நிறுவனம் டொலரில் பணம் செலுத்தக்கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. விலையை நிர்ணயிக்க முகவர் கேட்கும் மாணவர் தொகையும், அணுகல் உரிமையுள்ளவர்களின் தொகையும் ஒன்றல்ல. வெளிவாரி மாணவரைப் பயனாளராகச் சேர்த்தவுடன், அவர்கள் எல்லோரையும் முழுநேர மாணவராகக் கணக்கிட்டு உங்களை உயர்ந்த விலைப்படிக்கு ஏற்றிவிடக்கூடும். பகுதிநேரத்தவரை அவர்களுடைய கல்விச் சுமையின் விகிதத்தில் மட்டும் சேர்க்கும், முழுநேரத்துக்குச் சமமான எண்ணிக்கையே விலைக்கு அடிப்படை என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். அந்த எண்ணிக்கையைப் பதிவாளர் அலுவலகத்திலிருந்து எழுத்தில் பெற்று வையுங்கள். பயனை அதிகமாகப் பெறும் பீடங்கள் எவை என்பதையும் சொல்லுங்கள்: மருத்துவமோ பொறியியலோ இல்லாத நிறுவனத்தை எல்லாத் துறைகளையும் கொண்ட பல்கலைக்கழகத்தின் படியில் வைப்பது பொருத்தமன்று.

நிறுவன எல்லைக்குள் மட்டும் என்ற சொற்கள் வரைவில் எங்கேனும் இருந்தால் அவற்றை நீக்கக் கேளுங்கள். மாணவர்கள் இரவில் படிப்பது வாடகை அறைகளிலும் வீடுகளிலும்தான். வலையமைப்பிலுள்ள கணினியை அடையாளங்காட்டும் எண்ணான ஐபி முகவரியை மட்டும் நம்பிய அணுகல் அங்கே அவர்களுக்கு உதவாது. வெளியிலிருப்பவரை நூலக வலையமைப்பினூடாக அனுப்பும் இடைச்சேவையான ப்ரொக்சி வழியாகவோ, நம் நாட்டின் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பான லேர்ன் நடத்தும் அடையாளக் கூட்டமைப்பின் வழியாகவோ நிறுவனத்தின் பயனர் பெயரைக் கொண்டு வெளியிலிருந்து நுழையலாம் என்று ஒப்பந்தமே சொல்ல வேண்டும். முகவர் வாய்மொழியாக உறுதியளித்தால், அதை மின்னஞ்சலிலும் பின்னர் ஒப்பந்தத்திலும் கேளுங்கள். முழு உடன்பாடும் இவ்வாவணத்திலேயே அடங்கியுள்ளது என்ற வாசகம் அநேகமாகக் கடைசிப் பக்கத்தில் இருக்கும். வாய்மொழியாகக் கூறப்பட்ட அனைத்தையும் அது செல்லாததாக்கிவிடும்.

சென்ற வருடம் உங்களுக்கு நேர்ந்ததற்கு வருகிறேன். தானியங்கி மென்பொருளால் மொத்தமாகத் தரவிறக்குவதை எல்லா ஒப்பந்தங்களும் தடைசெய்கின்றன. அதில் பேரம் பேச அதிக இடமில்லை, பேசவும் வேண்டியதில்லை. பேச வேண்டியது அந்தத் தடையை ஒருவர் மீறும்போது யாருக்கு என்ன நேரும் என்பதைப் பற்றியே. இத்துறையில் நன்கு அறியப்பட்ட உதாரணம் 2010இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் நடந்தது. ஆரன் சுவார்ட்ஸ் என்ற இளைஞர் அப்பல்கலைக்கழக வலையமைப்பின் வழியாக ஜேஸ்டோர் என்ற இணையச் சஞ்சிகைக் களஞ்சியத்திலிருந்து இலட்சக்கணக்கான கட்டுரைகளைத் தரவிறக்கத் தொடங்கியபோது, ஜேஸ்டோர் முதலில் ஒரு முகவரியைத் தடுத்தது, பிறகு முகவரித் தொகுதி ஒன்றைத் தடுத்தது, அதற்கும் பின்னர் ஒக்டோபரில் சில நாட்களுக்கு முழு எம்ஐடிக்கும் அணுகலை நிறுத்தியது. அவர் எம்ஐடியின் மாணவரோ ஊழியரோ அல்லர் என்பதைக் கவனியுங்கள். உலகின் வசதிமிக்க பல்கலைக்கழகங்களில் ஒன்றே தன் வலையமைப்பில் நடப்பதைத் தடுக்க முடியாதிருந்தபோது, எங்கள் பயனாளர் எவரும் இந்நிபந்தனைகளை மீறமாட்டார் என்று உங்கள் நிறுவனம் உத்தரவாதம் கொடுக்கக் கூடாது.

வரைவில் நூலகம் உறுதிசெய்யும் என்று இருக்கும் ஒவ்வோர் இடத்திலும், நூலகம் நியாயமான முயற்சிகளை மேற்கொள்ளும் என்று மாற்றக் கேளுங்கள். நிபந்தனைகளைப் பயனாளருக்கு அறிவிப்பது, மீறல் தெரியவந்தால் விசாரிப்பது, மீறியவரின் அணுகலை நிறுத்துவது: இவையே நூலகத்தால் செய்யக்கூடியவை, ஆகவே இவற்றையே ஏற்றுக்கொள்ளுங்கள். அடுத்ததாக, வெளியீட்டாளர் சந்தேகத்துக்குரிய முகவரியை உடனே தடுக்கலாம். ஆனால் உடனடியாக நூலகத்துக்கு அறிவிக்க வேண்டும், முழு நிறுவனத்துக்குமான அணுகலை நிறுத்துவதற்கு முன் எழுத்திலான அறிவித்தலும் திருத்திக்கொள்வதற்கான காலமும் தர வேண்டும் என்று சேர்க்கச் சொல்லுங்கள். 30 அல்லது 60 நாட்கள் என்பது வழக்கிலுள்ள அளவு. அணுகல் தடைப்பட்ட நாட்களுக்கு ஈடாகச் சந்தாக் காலத்தை நீட்டவும் கேட்கலாம். நிறுவனத்துக்குள் நீங்கள் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. நூற்றுக்கணக்கான கணினிகள் ஒரே பொது முகவரியின் பின்னால் மறைந்திருக்கும் வலையமைப்பில், வெளியீட்டாளர் ஒரு முகவரியைத் தடுத்தாலே எல்லோரும் தடைப்படுவர். எந்தப் பயனர் பெயர் எந்த நேரத்தில் நுழைந்தது என்ற பதிவைக் கணினிப் பிரிவு வைத்திருந்தால்தான் மீறியவரை மட்டும் பிரித்துக் காட்ட முடியும். சென்ற வருடம் உங்களிடம் அந்தப் பதிவு இருந்ததா என்று விசாரித்துப் பாருங்கள்.

சந்தாவை நிறுத்தினால் என்ன எஞ்சும் என்ற கேள்விக்கான விடை, ஒப்பந்தத்தில் அதற்கென ஒரு பிரிவு இருக்கிறதா என்பதிலேயே உள்ளது. பிரிவு இல்லையென்றால், எதுவும் எஞ்சாது. குத்தகைக் காலம் முடிந்தால் வயலைத் திருப்பிக் கொடுப்பது நியாயமே. ஆனால் அந்தப் போகத்தில் அறுத்த நெல்லையும் களத்திலேயே விட்டுச் செல் என்றால் எந்த விவசாயியும் ஒப்பமாட்டார். பணம் செலுத்திய வருடங்களில் வெளியான இதழ்களுக்கான அணுகல், சந்தா முடிந்த பின்னும் நிரந்தரமாகத் தொடரும் என்ற பிரிவை நிச்சயம் கேளுங்கள். இதில் மூன்று நுட்பங்கள் உண்டு. முதலாவது, நூலகம் தனித்துச் சந்தா செலுத்தும் சஞ்சிகைத் தலைப்புகளுக்கு மட்டுமே நிரந்தர உரிமை தந்து, தொகுதியில் கூடுதலாகச் சேர்க்கப்பட்ட தலைப்புகளை விலக்குவது பெரிய தொகுதிகளின் வழக்கம். ஆகவே எந்தத் தலைப்பு எந்த வகை என்று பட்டியலிலேயே குறிக்கச் செய்ய வேண்டும். இரண்டாவது, அணுகல் எவ்வழியில் தரப்படும் என்பது. வெளியீட்டாளரின் தளத்திலேயே தருவதானால் அதற்கு வருடாந்தக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். தட்டுகளில் கோப்புகளாகத் தருவோம் என்றால் அதை மட்டும் நம்பி நிற்காதீர்கள். 2004இன் ஆழிப்பேரலையையும் அடிக்கடி வரும் வெள்ளத்தையும் கண்ட இக்கரையோரத்தில், ஒரே கட்டடத்திலுள்ள சேமிப்பு நிரந்தரமானதன்று, மேலும் ஆயிரக்கணக்கான கோப்புகளைத் தேடக்கூடிய வடிவில் பராமரிக்க நம் நூலகங்களுக்கு ஆளணியும் இல்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 1999இல் தொடங்கிய லொக்ஸ், 2005இல் தொடங்கிய போர்ட்டிகோ போன்ற காப்பகங்களில் வெளியீட்டாளர் தம் சஞ்சிகைகளை வைப்பிட்டிருக்கிறாரா, சந்தா நின்ற பின் அவற்றின் வழியாக அணுகலாமா என்று கேட்பதே நடைமுறைக்கு உகந்தது. மூன்றாவது, சஞ்சிகை ஒன்று வேறொரு வெளியீட்டாளருக்குக் கைமாறினால் உங்கள் பழைய உரிமை என்னவாகும் என்பது. இதற்கென டிரான்ஸ்ஃபர் என்ற பெயரில் நடத்தைக் கோவை ஒன்று உள்ளது. வெளியீட்டாளர் அதை ஏற்றவரா என்று கேட்டால் போதும்.

பணத்தைப் பற்றி, பெறுகைக் குழுவுக்குப் புரியும் மொழியில் ஒன்று சொல்லலாம். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்க்குச் சற்று மேலிருந்த டொலர், அதே வருடம் மே மாதத்தில் 350 ரூபாயைக் கடந்தது. டொலர் விலையில் ஒரு சதமும் ஏறாமலேயே அன்று சந்தாக்களின் ரூபாய்ச் செலவு பெருகியது. நம் அரச நிறுவனங்களுக்கோ நிதி வருடந்தோறுமே ஒதுக்கப்படுகிறது. ஆகவே மூன்று வருட ஒப்பந்தத்தில், திறைசேரி ஒதுக்கீடு குறைந்தாலோ வெளிநாட்டு நாணயக் கட்டுப்பாடு ஏற்பட்டாலோ, அறிவித்தல் கொடுத்து அபராதமின்றி விலகலாம், அல்லது தலைப்புகளைக் குறைத்துக்கொள்ளலாம் என்ற பிரிவு இல்லாமல் கையொப்பமிடக் கூடாது என்பதே என் உறுதியான ஆலோசனை. வருடாந்த விலையேற்றத்துக்கு ஓர் உச்ச வீதத்தை எழுதச் செய்யுங்கள். வரிப் பிரிவையும் நிதியாளரிடம் காட்டுங்கள்: வெளிநாட்டுக் கொடுப்பனவில் நிறுத்திவைத்தல் வரி (பெறுநருக்குரிய தொகையிலிருந்து செலுத்துபவரே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) கழிக்க நேர்ந்தால் அந்தத் தொகையையும் நூலகமே மேலதிகமாகச் செலுத்த வேண்டும் என்று பல வரைவுகள் சொல்கின்றன, மேற்கோள் விலையில் அது தெரியாது. முன்கூட்டி மறுக்காவிட்டால் ஒப்பந்தம் தானாகப் புதுப்பிக்கப்படும் என்ற வாசகத்தை நீக்குங்கள். நீக்க மறுத்தால் அந்த அறிவித்தல் திகதியை நிதிப்பிரிவின் நாட்காட்டியிலும் குறித்து வையுங்கள்.

விலையை வெளியிடக்கூடாது என்ற இரகசியப் பிரிவை நான் எப்போதும் எதிர்த்தே வந்திருக்கிறேன். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக நூலகம் 2011இலேயே அத்தகைய பிரிவுள்ள ஒப்பந்தங்களில் கையொப்பமிடுவதில்லை என்று அறிவித்தது. அந்நாட்டின் பொதுப் பல்கலைக்கழகங்களின் ஒப்பந்தங்களைத் தகவல் உரிமைச் சட்டங்களின் மூலம் பெற்று ஆராய்ந்த பொருளியலாளர்கள், ஒத்த தரத்திலுள்ள நிறுவனங்கள் ஒரே தொகுதிக்குப் பெரிதும் வேறுபட்ட தொகைகளைச் செலுத்தியதை 2014இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டினார்கள். நமக்குச் சட்டரீதியான காரணமும் இருக்கிறது: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உயர்கல்வி நிறுவனங்களும் பகிரங்க அதிகாரசபைகளே. வணிக இரகசியம் என்ற விலக்கு அச்சட்டத்தில் இருந்தாலும், பொதுநலன் அதைவிட மேலோங்கும்போது தகவலைக் கொடுத்தேயாக வேண்டும். இச்சட்டத்தின் கீழான கடமைகளும் கணக்காய்வும் இரகசியப் பிரிவுக்கு விதிவிலக்கு என்று எழுதாமல் அப்பிரிவை ஏற்றுக்கொண்டால், நிறுவனம் சட்டத்தை மீற வேண்டும் அல்லது ஒப்பந்தத்தை மீற வேண்டும். மற்ற நூலகங்களோடு விலையை ஒப்பிடும் உரிமையையும் சேர்த்தே கேளுங்கள்.

எஞ்சிய சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேராதனையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ ஒரு நூலகம் கட்டுரை ஒன்றைக் கேட்டால், அச்செடுத்துத்தான் அனுப்ப வேண்டும் என்ற பழைய நிபந்தனையை விட்டு, பாதுகாப்பான இலத்திரனியல் வழியில் நேரடியாக அனுப்ப அனுமதி கேளுங்கள். விரிவுரையாளர்கள் மூடில் என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் கட்டுரைகளுக்கு இணைப்புக் கொடுப்பது எங்கும் ஏற்கப்படும். கோப்பையே அங்கு பதிவேற்றுவது வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தால் மட்டுமே. பிணக்கு எந்த நாட்டின் சட்டத்தின்படி, எந்த நாட்டு நீதிமன்றத்தில் தீர்க்கப்படும் என்ற சட்ட நியாயாதிக்கப் பிரிவில் வெளியீட்டாளரின் நாடு குறிக்கப்பட்டிருந்தால், எந்த நாட்டையும் குறிக்காமல் விட்டுவிடுவோம் என்பது இருபக்கமும் அடிக்கடி சம்மதிக்கும் சமரசம். வெளியீட்டாளருக்கு ஏற்படும் நட்டங்களுக்கெல்லாம் நிறுவனம் ஈடுசெய்யும் என்ற உறுதிமொழியை ஏற்காதீர்கள். அதைச் சட்ட அலுவலரும் அனுமதிக்கமாட்டார். செயற்கை நுண்ணறிவைப் பற்றிய பிரிவு அண்மைய வருடங்களில் வரைவுகளில் நுழைந்திருக்கிறது. சஞ்சிகை உள்ளடக்கத்தைக் கொண்டு பொது மாதிரிகளைப் பயிற்றுவிக்கக்கூடாது என்ற தடை ஏற்கத்தக்கது. எந்தச் செயற்கை நுண்ணறிவுக் கருவியையும் எவ்வகையிலும் பயன்படுத்தக்கூடாது என்ற முழுத்தடையோ, ஆய்வுக்காகக் கணினி மூலம் உரைகளைப் பகுத்தாராயும் வழக்கமான வேலையையும் சேர்த்தே தடுத்துவிடும்; அவ்வகை ஆய்வுக்கு விதிவிலக்கு வேண்டும். மாணவர் ஒருவர் கட்டுரையொன்றை உரையாடல் செயலியில் ஏற்றினாரா என்று கண்காணிக்கும் பொறுப்பை நூலகம் ஏற்கவே கூடாது.

இவ்வளவும் இந்தத் தொகுதி உங்களுக்குத் தேவையானதே என்று எடுத்துக்கொண்டு சொன்னவை. அதைச் சரிபார்க்கவும் வழியிருக்கிறது. இலத்திரனியல் வளங்களின் பயன்பாட்டை ஒரே முறையில் எண்ணுவதற்கான கவுண்டர் விதிகளின்படி அமைந்த புள்ளிவிபரங்களை வெளியீட்டாளரிடம் கேளுங்கள். சந்தா இல்லாத இன்றைய நிலையில் உங்கள் வாசகர்கள் எந்தத் தலைப்புகளைத் திறக்க முயன்று மறுக்கப்பட்டார்கள் என்பதை அவற்றில் காணலாம். மறுப்புகள் ஒரு சில தலைப்புகளிலேயே குவிந்திருந்தால், முழுத் தொகுதியை விட அந்தத் தலைப்புகளைத் தனியாக எடுப்பதே மலிவாக இருக்கக்கூடும். தொகுதியில் எவ்வளவு ஏற்கெனவே திறந்த அணுகலில் இலவசமாகக் கிடைக்கிறது என்றும் கேளுங்கள், ஏனெனில் அதற்கு இருமுறை பணம் செலுத்துவதில் அர்த்தமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஹினாரியும் உணவு, விவசாய நிறுவனத்தின் அகோராவும் அடங்கிய ரிசேர்ச் ஃபோர் லைஃப் திட்டத்தில் உங்கள் நிறுவனம் பதிவுசெய்திருக்கிறதா என்று பாருங்கள். தகுதி நாட்டைப் பொறுத்துத் தீர்மானிக்கப்படுகிறது, சில வெளியீட்டாளர்கள் சில நாடுகளை விலக்கியும் வைக்கிறார்கள்; ஆகவே அத்திட்டத்தின் பட்டியலையும் முகவரின் பட்டியலையும் தலைப்பு வாரியாக ஒப்பிட வேண்டும். பல்கலைக்கழக நூலகங்களின் கூட்டமைப்பு வழியாக இதே வெளியீட்டாளரோடு பேச்சு நடக்கிறதா என்பதையும் மூத்த நூலகர் எவரிடமாவது விசாரியுங்கள். தனியாகப் பெறும் விலைக்கழிவைக் காட்டிலும், பலர் சேர்ந்து பெறும் நிபந்தனைகள் அநேகமாக மேலானவை.

டிசம்பர் முடிவு என்ற காலக்கெடுவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அது விற்பனைப் பிரிவின் வருட இலக்கோடு தொடர்புடைய திகதி. கோரிக்கைகளை எழுத்தில் முன்வைத்துப் பேச்சு நடந்துகொண்டிருக்கும் வாடிக்கையாளருக்கு அதே விலையை ஜனவரியிலும் தருவதே வழக்கம். அப்படித் தர மறுத்தாலும், முன்னே சொன்ன விலகும் பிரிவு இல்லாத மூன்று வருடத்தைவிட, விலைக்கழிவு இல்லாத ஒரு வருட ஒப்பந்தத்தையே நான் தெரிவுசெய்வேன். பீடாதிபதிகளிடம் ஒருமாதப் பரீட்சார்த்த அணுகலைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள். அவர்களுடைய அவசரம் தணிவதோடு, உண்மையான பயன்பாட்டின் எண்ணிக்கையும் உங்கள் கைக்கு வரும்.

கையொப்பமிட வேண்டியவர் நீங்கள் அல்லர், அதிகாரம் பெற்ற நிறுவனத் தலைவரோ பதிவாளரோ ஆவார். அவருக்கு அனுப்பும் கோப்பில், நீங்கள் கேட்ட திருத்தங்கள், கிடைத்தவை, மறுக்கப்பட்டவை ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதி இணையுங்கள். கையொப்பமிட்ட முழுப் பிரதி ஒன்று, தலைப்புப் பட்டியலும் வளாகங்களின் பட்டியலும் ஐபி முகவரிகளும் கொண்ட இணைப்புகளோடு, நிதிப்பிரிவில் மட்டுமன்றி நூலகத்திலும் இருக்க வேண்டும். நிரந்தர அணுகலுக்கான உரிமையைப் பல வருடங்களின் பின் நிறுவும்போது, வெளியீட்டாளர் உங்களிடம் கேட்கப்போவது அந்தத் தலைப்புப் பட்டியலைத்தான்.